‘ஊரே கூடி ரேடியோ கேட்டது’ – எந்த ஊர்?

பிப்ரவரி 13, உலக வானொலி நாள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் முகநூலைத் திறந்தால் ஒரே மாதிரியான பதிவுகள் வரிசைகட்டி நிற்கும். மர்பி ரேடியோவின் படம், அதன் மேல் போர்த்திய பூப்போட்ட துணி, இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் குரல் பற்றிய பெருமூச்சு. முடிக்கும்போது தவறாமல் ஒரு வரி: “அந்தக் காலத்தில் ஊரே கூடி உட்கார்ந்து ரேடியோ கேட்டோம், இப்போது ஆளுக்கொரு செல்போனோடு தனித்தனியாகக் கிடக்கிறோம்.”

இந்த வரியில் ஒரே ஒரு சொல் எனக்கு உறுத்துகிறது. ‘ஊர்’.

தமிழில் ஊர் என்றால் சேரி நீங்கலாக என்று பொருள். அகராதியில் அப்படி இருக்காது. நடைமுறையில் அப்படித்தான். ஊர்க்கூட்டம், ஊர்க்கிணறு, ஊர்த்திருவிழா என எதை எடுத்தாலும் அந்தச் சொல்லுக்குள் நாம் இல்லை. அப்படியிருக்க, ரேடியோ கேட்பதற்கு மட்டும் திடீரென்று நாமும் ஊராகிவிட்டோமா? “வானொலி நேயர்கள் மாறிவிட்டார்கள், குறைந்துவிட்டார்கள்” என்று கட்டுரை எழுதுகிறவர்கள், முதலில் யார் நேயராக இருந்தார் என்று கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.

காற்றுக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். அலைவரிசை குடியானவர் தெருவுக்கும் காலனிக்கும் ஒன்றாகத்தான் வருகிறது. ஆனால் பெட்டி எங்கேயாவது ஓரிடத்தில் வைக்கப்பட்டாக வேண்டும். அந்த இடத்துக்குச் சாதி உண்டு.

சென்னை மாநகராட்சி 1930இல் வானொலி ஒலிபரப்பைக் கையில் எடுத்தபோது கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே மாதம் திருச்சி நிலையமும் வந்தன. அதன்பிறகு மெல்ல மெல்லக் கிராமங்களுக்குச் சமுதாய ரேடியோ வந்தது. பஞ்சாயத்து அலுவலகத்திலோ அதையொட்டிய சின்ன ரேடியோ அறையிலோ பெட்டி இருக்கும். வெளியே மரத்திலோ கம்பத்திலோ கூம்பு ஒலிபெருக்கி. திறந்துவைக்க ஓர் ஆள். ஐம்பது வயதைக் கடந்த யாரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார்கள்.

என் அப்பாவும் சொல்வார். ஆனால் அவர் சொல்லும்போது அதில் ஓர் அளவு சேர்ந்துகொள்ளும். “காத்து மேக்கால அடிச்சா நியூஸ் முழுசா கேக்கும், கெழக்கால அடிச்சா பாதிதான் கேக்கும்.” எங்கள் காலனி ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப்பக்கம். பஞ்சாயத்து ரேடியோ ஊர் நடுவில், கோயிலுக்கு எதிரே. மாலையில் அதன் முன்னால் போய் உட்கார யாரும் எங்களைத் தடுத்ததாகச் சட்டப்படி நிரூபிக்க முடியாது. ஆனால் யாரும் போய் உட்காரவில்லை. ஓடைக்கரையில் நின்று கேட்டார்கள். நேரு இறந்த செய்தியை அப்பா அங்கே நின்றுதான் கேட்டிருக்கிறார். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது.

இவர்களை எந்தக் கணக்கெடுப்பு ‘நேயர்’ என்று எழுதியிருக்கும்? பெட்டி இல்லை, உரிமம் இல்லை, அதன் முன்னால் உட்காரவும் இல்லை. அந்த நாட்களில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். அரசாங்கத்தின் கணக்கில் நேயர் என்பவர் முதலில் ஓர் உரிமதாரர். ஓடைக்கரையில் நின்றவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பெட்டியின் கதை இது என்றால், பெட்டிக்குள்ளிருந்து பேசியவர் யாரிடம் பேசினார் என்பது இன்னொரு கதை. தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோம். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் அதை எப்படிப் பயிரிடுவது, என்ன உரம், எப்போது என்று விடாமல் சொல்லிச் சொல்லிப் பரப்பின. அதனால் விவசாயிகள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்திய வானொலி வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் மார்தட்டிச் சொல்லும் வெற்றிக்கதை இது. ஒலிபரப்பு ஒரு வயலையே மாற்றியது என்பார்கள்.

மாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சி ‘விவசாயப் பெருமக்களே’ என்று விளித்தது யாரை? விதை வாங்கவும், உரம் போடவும், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் எடுக்கவும் முடிந்த நிலவுடைமையாளரை. நாற்றுப் பறித்தவர், நட்டவர், களையெடுத்தவர், அறுத்தவர், அடித்தவர் யாரும் அந்த விளியில் இல்லை. கீழத்தஞ்சையில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளரும் பறையரும். ஒரு கலம் நெல் அறுத்தால் கூலி எவ்வளவு என்பது பற்றி ரேடியோவில் பேச்சே கிடையாது. விளைச்சல் கூடினால் கூலி கூட வேண்டாமா என்ற கேள்வி வானொலியில் எழவில்லை, செங்கொடிச் சங்கத்தில் எழுந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ரேடியோ நெல்லும் வெண்மணியும் ஒரே மாவட்டம், ஏறக்குறைய அதே ஆண்டுகள். ஒன்றை ஊடக வரலாற்றிலும் மற்றொன்றைச் சாதி வரலாற்றிலும் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வானொலி எதையும் எரிக்கவில்லை. ஆனால் ஒரே வயலில் நின்ற இரண்டு பேரில் ஒருவரை மட்டும் நேயர் என்று அது தேர்ந்தெடுத்திருந்தது.

இசையிலும் இதே தேர்வுதான். 1946 இடைக்கால அரசில் தகவல் ஒலிபரப்புத் துறையை வைத்திருந்த வல்லபாய் படேல், அந்தரங்க வாழ்க்கை ஊர்வாயில் அடிபடுகிறவர்களுக்கு வானொலியில் இடமில்லை என்று உத்தரவு போட்டார். பரம்பரை பரம்பரையாகப் பாட்டையும் ஆட்டத்தையும் காப்பாற்றி வந்த கணிகையர் குலப் பெண்களை வெளியேற்றிய உத்தரவு அது. கலையை வாங்கிக்கொண்டு கலைஞரை வாசலில் நிறுத்துவது நமக்குப் பழகிய வித்தைதான். 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்தார். திரைப்பாட்டு மலிவான ரசனை, மக்களுக்குச் சாஸ்திரிய இசை ஊட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டு ஏறக்குறைய மறைந்தது.

நேயர்கள் என்ன செய்தார்கள்? மனு கொடுக்கவில்லை, ஊர்வலம் போகவில்லை. முள்ளைத் திருப்பினார்கள். கொழும்பு கேட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் படைகளுக்காக நிறுவப்பட்ட சக்திவாய்ந்த ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950இல் தொடங்கிய அதன் வர்த்தக ஒலிபரப்பு, இந்தியா முழுக்கக் கேட்டது. இந்தியில் அமீன் சயானி. தமிழில் மயில்வாகனன், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத். கடைசியில் இந்திய அரசு இறங்கிவந்து 1957இல் விவிதபாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. வானொலி வரலாற்றில் நேயர்கள் சத்தமில்லாமல் அரசைத் தோற்கடித்த அரிதான இடம் இது. ரசனை சொல்லிக்கொடுக்க வந்தவர்களுக்கு மக்கள் தந்த பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. (அதே இலங்கைதான் 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. பாட்டில் சொக்கிப்போன தமிழ்நாடு அதை எவ்வளவு பேசியது என்பது தனியாக எழுதப்பட வேண்டிய கணக்கு.)

எங்கள் காலனிக்கு முதல் டிரான்சிஸ்டர் 1974இல் வந்தது. கோலார் தங்கவயலில் வேலை பார்த்த பெரியப்பா கொண்டுவந்தார். வடஆற்காட்டுச் சேரிகளுக்கும் தங்கவயலுக்கும் உள்ள உறவு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எங்கள் மக்களில் பலர் மாதச் சம்பளம், மின்விளக்கு, சங்கம், செய்தித்தாள் எல்லாவற்றையும் முதலில் பார்த்தது அங்கேதான். டிரான்சிஸ்டருக்கு மின்சாரம் தேவையில்லை, ஊர் நடுவும் தேவையில்லை. நான்கு பேட்டரி போதும். அது வந்த முதல் வாரமே ஊரிலிருந்து பேச்சு வந்ததாம்: “சேரியில ராத்திரியில சத்தம் ஜாஸ்தியா இருக்கு.” பஞ்சாயத்துக் கூம்பு ஒலிபெருக்கி இருபது வருடமாக எழுப்பியது சத்தமில்லை, உள்ளங்கை அகலப் பெட்டி எழுப்பியது சத்தம். பெரியப்பா ஒலியைக் கூட்டித்தான் வைத்தார் என்று அத்தை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

அத்தைதான் எங்கள் குடும்பத்தின் முதல் நேயர் என்று சொல்ல வேண்டும். கேட்பதோடு நிற்காமல் எழுதியவர். பதினைந்து காசு அஞ்சலட்டையில் நேயர் விருப்பத்துக்கு எழுதுவார். பாட்டின் பெயர், படத்தின் பெயர், விரும்பிக் கேட்பவர்களின் பெயர்ப்பட்டியல். முகவரியில் ‘காலனி’ என்று எழுத மாட்டார். தெருப் பெயர் இருக்காது, ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். வானொலியில் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, அடுத்து அத்தையின் பெயரைச் சொல்லி, அவர் விரும்பிக் கேட்கும் பாடல் என்பார்கள். ‘அவர்’. ஊரில் சின்னப் பையன்கூட ‘ஏ புள்ள’ என்று கூப்பிட்ட பெண்ணை, முகம் தெரியாத ஓர் அறிவிப்பாளர் அவர் என்றார். நேயர் விருப்பத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன், பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் பாட்டு ஒலித்த நேரம் சமைக்கப் போய்விடுவார்களாம். பெயர் வாசிக்கும் இரண்டு நிமிடத்துக்குத்தான் எல்லோரும் அடுப்பை விட்டு ஓடி வந்தது.

ஊரின் பெயரைச் சொல்லி அதற்குள் நம் பெயரை வைத்த ஒரே இடம் அதுதான். தெருவைச் சொல்லாமல் மறைத்தால்தான் அது கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அல்ஜீரியாவைப் பற்றி பிரான்ஸ் ஃபனான் எழுதியதில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சி உண்டு. அங்கே வானொலி ஆக்கிரமித்தவனின் குரல், பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சுக்காரரோடு பேசிக்கொள்வது. அல்ஜீரியக் குடும்பங்கள் பலவும் பெட்டி வாங்கவே மறுத்தன. வீட்டில் மாமனார் மாமியார் முன்னால் கேட்கக் கூச்சம் என்று காரணம் சொன்னார்கள். 1956 இறுதியில் விடுதலைப் போராளிகளின் ஒலிபரப்பு தொடங்கியது. சில வாரங்களுக்குள் கடைகளில் ரேடியோ இருப்பு தீர்ந்துபோனதாம். அதற்கு முந்தைய மாதம்வரை எந்த ஆய்வாளராவது அங்கே போயிருந்தால் “இந்த மக்களுக்கு வானொலியில் நாட்டமில்லை” என்று எழுதிவிட்டு வந்திருப்பார். ஈழப்போரின் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரவு பி.பி.சி. தமிழோசைக்காகக் கூட்டம் நின்றதும் இதே வகை. 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நின்றது. நேயர் குறைந்ததால் நின்றது என்பது பாதி விளக்கம். அவர்கள் எதற்காகக் காதைத் தீட்டினார்களோ அந்தச் செய்தி 2009 மே மாதத்தோடு வேறொன்றாகிவிட்டது என்பது மீதி.

அப்புறம் எஃப்.எம். வந்தது. 2000இல் ஏலம், அடுத்த சில ஆண்டுகளில் நகரத்துக்கு நகரம் தனியார் நிலையங்கள். இந்தத் தலைமுறை வளர்ந்ததே அதில்தான், எனவே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அஞ்சலட்டையில் தெருவை மறைக்க முடிந்தது. தொலைபேசியில் ஆர்.ஜே. முதல் கேள்வியே “எந்த ஏரியாங்க? என்ன பண்றீங்க?” என்றுதான். திருப்பூர் பனியன் கம்பெனியில் தைக்கும் என் தங்கை முறைக்காரி ஒருத்தி, பகல் முழுக்க எஃப்.எம். ஓடும் கூடத்தில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவள். ஒருமுறை லைன் கிடைத்தபோது காலேஜ் படிப்பதாகச் சொன்னாளாம். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நிலையம் யாரோடு பேச விரும்புகிறது என்பதை அவள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

அது கணக்கிலும் இருக்கிறது. இந்தியாவில் தனியார் வானொலி நேயர்களை எண்ணுவதற்காக 2007இல் ‘ராம்’ என்ற அளவீடு வந்தது. தேர்ந்தெடுத்த சிலரிடம் நாட்குறிப்பைக் கொடுத்து, எப்போது எந்த நிலையம் கேட்டீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா, நான்கே நகரங்கள். சென்னைகூட இல்லை. விளம்பர உலகம் குடும்பங்களைப் பிரிக்கும் முறை இன்னும் தெளிவானது. 2011 முதல் புழங்கும் வகைப்பாட்டில் வீட்டில் முதன்மையாகச் சம்பாதிப்பவரின் படிப்பையும், 11 உடைமைகளில் எத்தனை இருக்கின்றன என்பதையும் வைத்து ஏ1 முதல் ஈ3 வரை 12 தட்டுகளாக அடுக்குகிறார்கள். குளிர்சாதனப் பெட்டி, கார், சலவை இயந்திரம் ஆகியவற்றோடு அந்தப் பதினொன்றில் ஒன்று விவசாய நிலம். சாதி என்ற சொல்லை எங்கேயும் எழுதாமலே இவ்வளவும் முடிந்துவிடுகிறது. படிப்பும் நிலமும் இந்த நாட்டில் எப்படிப் பங்கிடப்பட்டன என்று தெரிந்த யாருக்கும் ஈ3இல் யார் இருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். உரிமதாரர் போய் நுகர்வோர் வந்தார். ஓடைக்கரையில் நின்றவர் அங்கேயே நிற்கிறார்.

1954 அக்டோபர் 3 அன்று அம்பேத்கர் அகில இந்திய வானொலியில் தன் வாழ்க்கைத் தத்துவம் பற்றிப் பேசினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தான் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, தன் ஆசான் புத்தரிடமிருந்து பெற்றதாகச் சொன்ன உரை அதுதான். அமைச்சரவையிலிருந்து விலகி, மக்களவைத் தேர்தலில் தோற்ற பிறகான காலம். உரிமம் கட்டிப் பெட்டி வைத்திருந்தவர்கள் வீட்டில் அந்தக் குரல் ஒலித்தது. அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களில் எத்தனை பேர் அன்று கேட்டிருக்க முடியும்? அவர்கள் அதைப் பிறகு அச்சில் படித்தார்கள், கூட்டங்களில் கேட்டார்கள். இன்று கைபேசியில் பகிர்கிறார்கள். ஓர் உரைக்கு அதன் நேயர்கள் வந்துசேரப் பத்தாண்டுகள் பிடித்திருக்கின்றன. சரியாக 60 ஆண்டு கழித்து, 2014 அக்டோபர் 3 அன்று அதே வானொலியில் பிரதமர் மோடியின் ‘மன் கி பாத்’ தொடங்கியது. இப்போது எல்லா நிலையங்களும், எல்லா மொழிகளும், எல்லாக் கைபேசிகளும் அந்த ஒரு குரலுக்குத் திறந்திருக்கின்றன. திருப்பிக் கேள்வி கேட்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. வானொலி செத்துவிட்டது என்று அழுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அதிகாரத்துக்கு வானொலி இன்னும் சாகவில்லை.

நமக்கும் சாகவில்லை என்று காட்டிய இடம் ஒன்று உண்டு. அப்போதைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டம், ஜகீராபாத்துக்குப் பக்கத்தில் மாச்சனூர். தக்காண வளர்ச்சிக் கழகத்தின் மகளிர் சங்கங்களைச் சேர்ந்த தலித் பெண்கள், பெரும்பாலும் சிறு நிலம் வைத்திருப்பவர்கள், 1998இலேயே தங்களுக்கென்று ஒரு வானொலி நிலையத்தைக் கட்டிவிட்டார்கள். ஒலிபரப்ப அனுமதி இல்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருந்தும் அந்தப் பொதுவுக்குள் இவர்கள் வரப் பத்தாண்டு ஆனது. அதுவரை ஒலிநாடாவில் பதிவுசெய்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று 90.4 அலைவரிசையில், 50 வாட் திறனில் சங்கம் ரேடியோ காற்றில் ஏறியது. அவர்கள் பேசுவது செந்தமிழ் மாதிரியான ஏட்டுத் தெலுங்கில் அல்ல, வீட்டில் பேசும் தெலுங்கில். சிறுதானியம், விதை, மருந்துச்செடி, நடவுப்பாட்டு. ‘விவசாயப் பெருமக்களே’ என்று மேலிருந்து யாரும் விளிப்பதில்லை. நேற்று நட்டவர் இன்று ஒலிவாங்கி முன்னால் உட்கார்கிறார்.

தமிழ்நாட்டில் சமுதாய வானொலிகள் இல்லாமல் இல்லை. நாட்டின் முதல் வளாக வானொலியே 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் வந்தது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் கடல் ஓசை இயங்குகிறது. ஆனால் உரிமங்களில் கணிசமானவை கல்வி நிறுவனங்களின் கையில். ஒரு காலனி தன் குரலில் பேசும் நிலையம் நமக்கு வர வேண்டும் என்றால் பணத்தைத் தேடுவது ஒரு வேலை. அதைவிடப் பெரிய தடை ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது: இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையமோ சமுதாய வானொலியோ சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். தொலைக்காட்சிக்கு இந்தத் தடை இல்லை, யூடியூபுக்கு இல்லை. ஐம்பது வாட் ரேடியோவுக்கு இருக்கிறது.

எது செய்தி அல்ல என்பதற்குத் தனியார் எஃப்.எம். விதிகளில் ஒரு பட்டியலே உண்டு. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, உள்ளாட்சி நிர்வாகம் தரும் மின்சார, குடிநீர் அறிவிப்புகள் இதெல்லாம் செய்தி அல்ல, எனவே சொல்லலாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்தப் பகுதியில் ஒரு வானொலி இருந்திருந்தால், அந்தத் தொட்டியில் தண்ணீர் எத்தனை மணிக்குத் திறந்துவிடப்படும் என்று நிர்வாகம் சொன்னதை அது ஒலிபரப்பியிருக்கலாம். தண்ணீரில் என்ன இருந்தது என்று அங்கே குடித்தவர்களே சொல்வதைச் செய்தியாக ஒலிபரப்பியிருந்தால் உரிமம் போயிருக்கும்.

இந்தச் செய்தித் தடையை நீக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது, அரசு பாதுகாப்புக் காரணம் சொல்லி நிற்கிறது. கருத்துரிமை பேசும் தோழர்களின் கோரிக்கைப் பட்டியலில் இணைய முடக்கம் இருக்கிறது, அலைவரிசை இல்லை. அடுத்த பட்டியலை எழுதும்போது அதையும் சேருங்கள்.